உறையின் பின்பக்கம்

மலர்விழி டீச்சர் எதையும் ஒரே தடவையில் நம்புகிறவர் அல்லர். ஆசிரியர் அறைக் கடிகாரத்தைப் பார்ப்பார், தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், இரண்டும் ஒத்துப்போனால் என்னிடம் மணி கேட்பார். பள்ளி வாட்சாப் குழுவில் நாளைக்கு விடுமுறை என்று யாராவது போட்டால், மற்றவர்கள் கைகூப்பும் படம் அனுப்பிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் சுற்றறிக்கை எண் கேட்பார்.

“மலர் டீச்சருக்கு குட் மார்னிங் சொல்லாதீங்கலா,” என்று உடற்கல்வி ஆசிரியர் சிவநேசன் புதிதாக வந்த ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “யாரு சொன்னா, எதுல இருக்குன்னு கேப்பாங்க.”

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மணி பன்னெண்டே கால் சார். மார்னிங்கே இல்ல.”

எங்கள் பள்ளி கிள்ளானிலிருந்து மேருவுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. பெயரில் மட்டும் இன்னும் தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் கையுறைத் தொழிற்சாலைகளும் லோரி நிறுத்தும் இடங்களும்தான். அங்கே பதினாறு வருடமாக நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டுகளுக்கு டீச்சர் வரலாறு நடத்துகிறார். பாடநூல் மலாயில். ஒரு பத்தியை மலாயில் வாசிப்பார், தமிழில் விளக்குவார், பிறகு இரண்டையும் கலந்து கேள்வி கேட்பார். நான் பக்கத்து வகுப்பில் ஆங்கிலம் நடத்துகிறேன். நடுவில் இருப்பது சுவர் அல்ல, மடக்குப் பலகை. என் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தோடு அவருடைய வரலாறும் சேர்ந்தே கிடைக்கிறது.

நான்காம் ஆண்டில் குடும்ப வரலாறு வரும். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் டீச்சர் ஒரு பழுப்பு உறை கொடுப்பார். அதில் எழுத்தில் உள்ளது ஒன்று, படம் ஒன்று, யாராவது வாயால் சொன்னது ஒன்று என்று மூன்று சான்றுகள் போட வேண்டும். உறையின் பின்பக்கம் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். இது என்ன? யார் கொடுத்தார்? அவர் அப்போது அங்கே இருந்தாரா?

மூன்றாவது கேள்வி பாடநூலில் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு முறை, கார் ஓட்டிக்கொண்டே, என்னிடம் சொன்னார். அவருடைய அப்பா சுகுமாறன் ஜெஞ்சாரோம் பக்கத் தோட்டமொன்றில் செம்பனைக் குலை வெட்டியவர். டீச்சருக்குப் பதினொரு வயதானபோது தோட்டம் கைமாறியது. ஆளுக்கொரு வீடு தருவோம் என்று கோயில் கூட்டத்தில் சொன்னார்கள். வீடு வரவில்லை. ஆனால் அப்பா சாகும்வரை ‘தர்றேன்னு சொன்னாங்க’ என்பதை விடவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த மகள் ஒருநாள் உட்கார்ந்து விசாரித்தார். யார் சொன்னது? அப்பா மேனேஜர் என்றார். அம்மா யூனியன்காரர் என்றார். பக்கத்து வீட்டுக்காரர், வெளியிலிருந்து வந்திருந்த, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் என்று அடித்துச் சொன்னார். தோண்டிப் பார்த்ததில், பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்குக் கூட்டத்துக்கே போகவில்லை.

அன்றிலிருந்துதான் அந்தக் கேள்வி.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு விதியும் சொல்லிக்கொடுப்பார். ஒருவர்மேல் சந்தேகம் என்றால், அவர் எழுதியதையே அவருக்குச் சாட்சியாக வைக்கக் கூடாது; வெளியில் போய்த் தேட வேண்டும். பலகைக்கு இந்தப் பக்கமிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். நல்ல விதி என்றே நினைத்திருந்தேன்.

சென்ற மே மாதம் பெற்றோருக்காக ஒரு சனிக்கிழமை குடும்ப வரலாற்றுக் கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை, உறைகளை ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் படங்களை மட்டும் காட்சிப் பலகையில் குத்திக்கொண்டிருந்தார்கள். எட்டாவதோ ஒன்பதாவதோ படம் குத்தும்போது டீச்சரின் கை நின்றது.

இரண்டு படங்களில் ஒரே ஆள். கறுப்புக் கோட்டு, பிரம்பு நாற்காலியின் முதுகில் இடது கை, பக்கத்து முக்காலியில் சாய்ந்த பூவோடு ஒரு ஜாடி. கோட்டில் இரண்டாவது பொத்தான் இரண்டிலும் இல்லை. ஒரு படத்தில் மெல்லிய மீசை, நெற்றியில் சந்தனப் பொட்டு. மற்றதில் அடர்ந்த மீசை, மூன்று கோடு விபூதி.

மெல்லிய மீசைக்காரரை வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். அது விமலனின் கொள்ளுத் தாத்தா. விமலனின் தாத்தா சபாபதி மேருவில் லோரி கம்பெனி வைத்திருக்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். அவர் மூன்று வருடமாக அச்சடிக்கும் கேலண்டரில் அந்தப் படம் இருக்கும், கீழே ‘அமரர் நாகையா’ என்ற பெயரோடு. எல்லா வகுப்பறையிலும் ஒன்று தொங்குகிறது. அடர்ந்த மீசைக்காரரைக் கொண்டுவந்தவள் தாமரை. மூன்றாம் வரிசையில் உட்காரும், அதிகம் பேசாத பெண்.

இந்தப் பக்கம் என் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மடக்குப் பலகைக்கு அப்பாலிருந்து டீச்சரின் குரல் வந்தது.

“தாமரை, இந்தப் படம் எங்கேர்ந்து எடுத்த?”

“வீட்டுலேர்ந்து டீச்சர்.”

“கேலண்டர்லேர்ந்தா?”

“இல்ல டீச்சர். செவத்துல இருக்கு. அம்மா போன்ல எடுத்து பிரிண்ட் பண்ணாங்க.”

“யாரு இது?”

“உறையில எழுதியிருக்கேன் டீச்சர்.”

“உறையை நான் கேக்கல. உன்னைக் கேக்குறேன்.”

விமலனின் குரல்தான் வந்தது. “எங்க கொள்ளுத் தாத்தா டீச்சர் அது. மீசைய போன்ல பெரிசு பண்ணிட்டா.”

வகுப்பு சிரித்தது. டீச்சர் அவர்கள் சிரிப்பை அடக்கினார், ஆனால் படத்தையும் பலகையிலிருந்து எடுத்துவிட்டார். இது காப்பி மாதிரி இருக்கிறது, உண்மை தெரிகிறவரைக்கும் பலகையில் இருக்காது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை நிலை போட வேண்டும்; ஆறுதான் உச்சம். தாமரையின் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். இடைவேளைக்குள் அவளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: போட்டோஸ்டாட். சிற்றுண்டிச்சாலை வரிசையில் யாரோ அவள் முதுகில் பச்சைப் பொத்தானை அழுத்துவதுபோல் விரலால் அழுத்தி, “ரெண்டு காப்பி,” என்றான். அவள் வரிசையைவிட்டு விலகி, கைகழுவும் தொட்டிப் பக்கம் போய் நின்றாள். சாப்பிடவில்லை.

உறையை அப்போதே எடுத்துப் பார்க்கலாமே என்று நான் சொல்லவில்லை. டீச்சரிடம் அவருடைய விதியை மீறச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் சபாபதி வந்தார். நடைபாதையில் நின்று தணிந்த குரலில் பேசினார்.

“சின்னப் பிள்ள, திட்டவெல்லாம் வேணாம் டீச்சர். ஆனா அது எங்க அப்பா முகம். இன்னொரு வீட்டுக்குத் தாத்தாவா ஆக்கிட முடியாது.” கிளம்பத் திரும்பியவர் நின்றார். “அவங்க அம்மா எங்க ஆபீஸ்ல கிளீனரா இருந்தாங்க, ரெண்டு வருஷம் முந்தி. சொல்லணும்னு இல்ல. சொல்றேன்.”

அவர் போன பிறகு டீச்சர் என் பக்கம் திரும்பினார். “சொல்லணும்னு இல்லன்னு சொல்லிட்டுச் சொல்றவங்கள நான் நம்புறதில்ல.” ஆனால் அம்மா, ஆபீஸ், இரண்டு வருடம் என்று நோட்டில் குறித்துக்கொண்டதையும் பார்த்தேன்.

அன்று மதியம் தாமரை வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். துணைக்கு அல்ல. தனியாகப் போனால் தான் சொல்வது மட்டும்தான் சாட்சி, இரண்டு பேர் போனால் ஒருவரை இன்னொருவர் சரிபார்க்கலாம் என்றார்.

மேரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. தாமரையின் அம்மா குமுதா கையுறைத் தொழிற்சாலைச் சட்டையோடு மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரும்புக் கதவைத் திறக்காமலே கேட்டார்.

“அவரு அனுப்புனாரா?”

“யாரு?”

“இல்ல, சும்மா கேட்டேன்.” கதவு திறந்தது.

சாமி மேசைக்கு மேலே அந்தப் படம் சட்டத்துக்குள் இருந்தது. பிளாஸ்டிக் மாலை, அடர்ந்த மீசை, மூன்று கோடு விபூதி. பக்கத்தில் போய்ப் பார்த்தபோது மீசையும் விபூதியும் தூரிகையால் தீட்டியவை என்று எனக்கே தெரிந்தது. போன் வேலை இல்லை அது. டீச்சர் படத்தை இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

“அத எறக்காதீங்க டீச்சர்.” குமுதாவின் குரல் சட்டென்று மாறியது. “அது அங்கயே இருக்கட்டும்.”

டீச்சரின் முகத்தில் சந்தேகம் இன்னும் ஒரு சுற்று ஏறியதைப் பார்த்தேன். அதற்குள் தாமரை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்து, படத்தை இறக்கி டீச்சரிடம் நீட்டினாள். முன்பக்கம் அல்ல, பின்பக்கம் தெரியும்படி.

பின்னால் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. அதில் மங்கிய ரப்பர் முத்திரை: ஒரு படக் கடையின் பெயர், கிள்ளான், தொலைபேசி எண். எண்ணில் ஐந்தே இலக்கம். மூலையில் பென்சிலால் 17 என்று எழுதியிருந்தது.

டீச்சர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். கடைசியில் குமுதாவிடம் நேராகக் கேட்டார். “இது உங்க தாத்தாதானே?”

“அவரைத்தான் கும்பிடுறோம் டீச்சர்,” என்றார் குமுதா. ஷிப்டு வேன் கீழே ஹாரன் அடித்தது.

காரைக் கிளப்புமுன் டீச்சர் நோட்டை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு, கேலண்டர் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது, ஐந்து இலக்கத்தில் கிள்ளானுக்கு யாரும் போன் பண்ணிப் பல காலம் ஆகிறது, ஆகவே பிள்ளை கேலண்டரிலிருந்து எடுக்கவில்லை என்றார். அப்படியானால் சபாபதியின் படம்தான் எங்கிருந்தோ எடுத்ததோ என்றார். கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று சொன்னார். “நான் கேட்டதுக்கு அந்தம்மா பதில் சொல்லல. கவனிச்சீங்களா?”

கவனித்திருந்தேன்.

வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் சபாபதியின் அலுவலகத்துக்குப் போனோம். லோரிகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி அறை. சுவரில் நாகையா ஆளுயரத்துக்கு இருந்தார். மூலப் படம் இருக்கிறதா என்று டீச்சர் கேட்டதும் சபாபதி சந்தோஷமாக மேசை இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அம்மாவின் பெட்டியில் கிடைத்ததாம், சட்டம் கரையான் அரித்துவிட்டதாம்.

“அப்பா சாகறப்போ எனக்கு எட்டு மாசம். பால்மரக் காட்டுல இடி விழுந்துச்சு. இந்தப் படத்தக் காட்டித்தான் அம்மா எனக்கு அப்பான்னு சொல்லக் கத்துக்குடுத்தாங்க.”

டீச்சர் படத்தைத் திருப்பினார். பின்னால் மிஞ்சியிருந்த தாளில் அதே முத்திரை. மூலையில் பென்சிலால் 17. அவர் நோட்டை எடுத்து எழுதுவதைப் பார்த்த சபாபதி சிரித்தார்.

“என்ன டீச்சர், லாட்டரிக்கு நம்பர் எடுக்கப் போறீங்களா? நாலு இலக்கம் வேணும்லா, இதுல ரெண்டுதான் இருக்கு.”

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கிருந்து நேரே கிள்ளான் போனோம்.

முத்திரையில் இருந்த கடை கிள்ளான் லிட்டில் இந்தியாவில் இன்னும் இருந்தது. வாசலில் பூமாலை, உள்ளே சாமி படங்கள், அதற்கும் உள்ளே சட்டம் போடும் மேசை. உரிமையாளர் கார்த்திகேசுவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மாடியில் படம் பிடித்தவர், கீழே சட்டம் போட்டவர். பிள்ளைகள் கொண்டுவந்த இரண்டு படங்களையும் டீச்சர் பையிலிருந்து எடுத்துக் காட்ட, அவர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

“ஓ, பதினேழு,” என்றார்.

பிறகு நாற்காலியில் சாய்ந்து சொன்னார். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களுக்குப் படம் எடுத்துக்கொள்ள வழியிருக்கவில்லை. ஆள் செத்த பிறகு, பதினாறாம் நாளுக்குள் கும்பிட ஒரு படம் வேண்டும் என்று வருவார்கள். அவருடைய அப்பாவிடம் ஒரு பெட்டி இருந்தது. யாரோ வந்து எடுத்து, திரும்பி வந்து வாங்கிக்கொள்ளாமல் போன படங்கள். எண் போட்டு வைத்திருந்தார். வந்தவர்களை உட்காரவைத்து, மூக்கு எப்படி, நெற்றி எப்படி என்று கேட்டு, அதில் ஒன்றை எடுத்துக் காட்டுவார். அவர்கள் இதுதான் கிட்டத்தட்ட என்றால், சொன்னபடி மீசை தீட்டி, பொட்டோ விபூதியோ வைத்துக் கொடுப்பார்.

“ஏமாத்தினது இல்ல,” என்றார் கார்த்திகேசு. “வாங்கினவைக்குத் தெரியும். அவையின்ட பிள்ளையளுக்குச் சொன்னவையோ, தெரியாது.”

“இந்தப் பதினேழு யாரு?”

“யாருக்குத் தெரியும்? கோட்டு எங்கட கடைக் கோட்டு. பொத்தான் இல்லாததுதான் அடையாளம். ஆள் படம் எடுத்தவர், வரேல்ல.”

“இந்த ரெண்டு வீட்டுக்கு மட்டும்தான் போச்சா?”

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். “பதினேழு நல்லா ஓடின முகம் டீச்சர். அமைதியான முகம். எல்லாருக்கும் பொருந்தும்.”

திரும்பி வரும்போது போக்குவரத்து நெரிசலில் கார் நகரவில்லை. ஜெஞ்சாரோமிலிருந்து கொண்டுவந்த தாத்தா படம் ஒன்று தன் வீட்டிலும் இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். கோட்டு போட்டிருக்கிறாரா என்று கேட்டேன். மறுநாள் காலையில்தான் சொன்னார்: “கோட்டு இல்ல. சால்வை. ஆனா பின்னால வேற பேப்பர் மேல ஒட்டியிருக்கு, கிழிச்சாத்தான் தெரியும்.” கிழித்தாரா என்று நான் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கே பள்ளி மண்டபத்தைத் திறந்து, உறைகள் இருந்த பெட்டியை எடுத்தார். வெளியில் தேட வேண்டியதையெல்லாம் தேடியாகிவிட்டது. இனி அவருடைய விதிப்படியே உறையைப் படிக்கலாம். தாமரையின் உறையைத் திருப்பினார். அதைப் படித்து முடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பென்சிலால், கோடு போட்டு, இப்படி எழுதியிருந்தாள்.

‘இது என்ன? சாமி மேசைக்கு மேல் இருக்கும் படம். யார் கொடுத்தார்? அம்மா. அவர் அப்போது அங்கே இருந்தாரா? இல்லை. அம்மாவுக்கு மற்றவர்கள் சொன்னார்கள்.’

அதற்குக் கீழே, கேள்வி எதுவும் இல்லாத இடத்தில்: ‘என் கொள்ளுத் தாத்தா பெயர் அங்கமுத்து. அவருக்குப் படம் கிடையாது. அவர் இறந்த பிறகு கடையில் இதை வாங்கினார்கள். இவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. இவர் வீட்டு ஆட்கள் தேடி வந்தால் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா சொன்னார்.’

“செவ்வாக்கிழமையே சொன்னா,” என்றார் டீச்சர். “உறையில எழுதியிருக்கேன்னு சொன்னா.”

குமுதா ஏன் கதவைத் திறக்கத் தயங்கினார், ஏன் படத்தை இறக்க விடவில்லை என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. படத்தில் இருப்பவரின் வீட்டு ஆள் எங்களை அனுப்பிவிட்டார் என்று நினைத்திருக்கிறார்.

தாமரையின் பெயரைச் சுத்தப்படுத்த வேண்டும். ஆனால் அதற்கு விவரம் சொன்னால் சபாபதியின் அப்பா நடுவகுப்பில் காணாமல் போய்விடுவார். டீச்சர் வாசலுக்குப் போய், பேரனை இறக்கிவிட வந்த சபாபதியை ஓரமாக அழைத்தார். கடையில் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

சபாபதியின் முகம் இறுகியது. “யாரு சொன்னா?”

“கடைக்காரர்.”

“அவரு எங்க அப்பாவப் பாத்திருக்காரா?”

“இல்ல.”

“அப்ப அது எங்க அப்பா இல்லன்னு அவருக்கு எப்படித் தெரியும்? படம் எடுத்துட்டு வாங்காமப் போன ஆளு எங்க அப்பாவாவே இருக்கலாம்ல?”

பதினாறு வருடமாக டீச்சர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி அது. “இருக்கலாம். இல்லன்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல.”

“யாரு சொல்லி வந்தீங்க? அந்தம்மாவா?”

“யாரும் சொல்லல சார். நான் அந்தப் பிள்ளையைத் திருடின்னு சொல்லாமச் சொல்லிட்டேன். அத இன்னைக்குத் திருத்தணும். உங்க அப்பாவப் பத்தி வகுப்புல பேச மாட்டேன்.”

சபாபதி கார்க் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். கண்காட்சியையே நிறுத்தச் சொல்லித் தலைமையாசிரியரைக் கூப்பிடுவார் என்று டீச்சர் சந்தேகப்பட்டார். பத்து மணிவரை அலுவலகத் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு நான்காம் ஆண்டு வகுப்பு. என் பிள்ளைகளுக்கு வாசிப்பு வேலை கொடுத்துவிட்டு நான் மடக்குப் பலகைப் பக்கமே நின்றேன்.

“தாமரை காப்பியடிக்கல,” என்றார் டீச்சர். “அவ படம் அவங்க வீட்டுப் படம். நான் போய்ப் பாத்தேன். அவ உறையில எல்லாத்தையும் சரியா எழுதியிருந்தா, நான் படிக்காமப் பேசிட்டேன். தப்பு என்னோடது. போட்டோஸ்டாட்டுன்னு யாரும் இனிமே கூப்பிடக் கூடாது.”

ஒரு பையன், அப்படியானால் இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கிறது என்று கேட்டான். இரண்டு படமும் ஒரே கடையில் வாங்கியவை, அந்த முகம் யாருடையது என்று தனக்குத் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது என்றார் டீச்சர்.

நாற்காலி நகரும் சத்தம். தாமரையின் குரல்.

“டீச்சர், அந்தக் கடைக்காரர் அப்ப அங்க இருந்தாரா?”

“அவருக்கு அப்ப நாலஞ்சு வயசு. கடையில இருந்திருப்பாரு. இந்தப் படம் வித்ததப் பாக்கல. அவங்க அப்பா சொன்னதுதான்.”

“சரி டீச்சர்,” என்றாள் தாமரை. எழுதிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். பென்சில் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை இரண்டு படங்களும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எல்லா உறைகளும் பின்பக்கம் தெரியும்படி குத்தப்பட்டிருந்தன. விமலனின் உறையில் மூன்றாவது கேள்விக்கு நேரே பதில் இல்லை. தாத்தா பிஸி என்று எழுதியிருந்தான்.

சபாபதி வரமாட்டார் என்று டீச்சர் முடிவே கட்டியிருந்தார். பதினோரு மணிக்கு வந்தார். மற்றவர்களிடம் கைகுலுக்கிவிட்டு, பலகைக்கு முன்னால் வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தாமரையின் உறையைப் படித்தார். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

மதிய ஷிப்டுக்குப் போகும் வழியில் வந்திருந்த குமுதா மகளோடு பின்னால் நின்றிருந்தார். அவரே முன்னால் வந்தார்.

“ஐயா, உங்க ஆபீஸ்ல வேலைக்கு வந்தப்ப அந்தப் படத்தப் பாத்தேன். பாத்த மாசமே நின்னுட்டேன். பயந்துட்டேன்.” கையிலிருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “உங்க அப்பாதான்னா சொல்லுங்க. குடுத்துர்றேன்.”

சபாபதி படத்தைப் பார்த்தபடியே கேட்டார். “உங்க தாத்தா எப்படி இருந்தாராம்?”

“கட்டையா, கருப்பா இருந்தாராம். கோட்டே போட்டதில்லையாம்.”

பக்கத்தில் விமலன் வந்து தாத்தாவின் கையைப் பிடித்தான். சபாபதி அவன் கையை விடாமல், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

“எங்க அப்பா பால்மரம் வெட்டுனவரு,” என்றார். “அவருக்கு ஏதும்மா கோட்டு? வீட்டுலயே வச்சிருங்க. நானும் வச்சிருக்கேன்.”

டீச்சர் என் காதருகில் சொன்னார்: “இப்ப சொன்னதக் கேலண்டர்லயும் போடுவாரான்னு பாக்கணும்.” சொல்லிவிட்டு, எந்த அவசரமும் இல்லாமல், மதிப்பீட்டுத் தாளை எடுத்துத் தாமரையின் காலிக் கட்டத்தில் ஆறு என்று எழுதினார்.

திங்கட்கிழமை காலை விமலன் தன் உறையைத் திருப்பித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போனான். இடைவேளைக்குப் பிறகு கொண்டுவந்து வைத்தான். ‘தாத்தா பிஸி’ அழிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் புதிதாக எழுதியிருந்தது: ‘தாத்தா அப்போது அங்கே இருந்தார். ஆனால் எட்டு மாதக் குழந்தை. அதனால் அவருக்கும் தெரியாது.’

டீச்சர் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். “இது நீயா எழுதுனது?”

“எழுதுனது நான்தான் டீச்சர். எப்படி எழுதறதுன்னு தாமரை சொன்னா.”

“எங்க வச்சு?”

“கேண்டின்ல. சாப்பிட்டுக்கிட்டே.”

“அவ சாப்பிட்டாளா?”

“சாப்பிட்டா டீச்சர். என் நாசி லெமாக் பொட்டலத்துல பாதிய அவதான் சாப்பிட்டா.”

டீச்சர் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். தொட்டிப் பக்கம் தாமரை கைகழுவிக்கொண்டிருந்தாள்.